பதினான்காம் சட்டை

கிளீட்டஸ் ஊரைவிட்டுப் போகவே இல்லை என்று
சின்னத்துறையில் யாரைக் கேட்டாலும் பெருமையாகச் சொல்வார்கள்.
என் கணக்கு வேறு.
பதினோரு வருஷம். இருநூற்றுச் சொச்சம் ஆட்டம்.
கோட்டுக்கு வெளியே ஒரு நீல பிளாஸ்டிக் நாற்காலி.

அவன் ஸ்டாப்பர் பேக்.
நானும் ஸ்டாப்பர் பேக்.
விடிவெள்ளி கிளப்புக்கு ஒரு ஸ்டாப்பர் போதும்.

போட்டுக்காரர்கள் பிரித்துக் கொடுத்த
மாசம் ஆறாயிரம்தான் அவன் சம்பளம்.
சூரை விலை ஏறினால் புது பூட்ஸ் ஒரு ஜோடி.
ஓடமாட்டான், அதுதான் எரிச்சல்.
ஆழ்கடலில் தூண்டிலை இறக்கிவிட்டு
பீடி வலிக்கிறவனைப் போல நிற்பான்.
கடன்பட்டவன் மாதிரி தலையைக் குனிந்துகொண்டு
பந்து அவன் காலுக்கே வரும்.

மஞ்சேரியிலிருந்து ஒருவர் வந்தார்:
செவன்ஸ், ராத்திரிக்கு நாலாயிரம், பொரோட்டாவும் பீஃபும் தனி.
நான் பூட்ஸுக்கு நாடா மாற்றினேன்.
சென்னையிலிருந்து ஒரு வங்கி டீம் கூப்பிட்டது:
நிரந்தர வேலை, குவார்ட்டர்ஸ்.
நான் மாதாவுக்கு மெழுகுதிரி நேர்ந்தேன்,
அவன் நன்றாக இருக்க வேண்டும் என்று.
தூரத்தில்.

இரண்டு தடவையும் குழித்துறை ஸ்டேஷன் வரை போய்
கடைசி பஸ்ஸில் திரும்பி வந்தான்.
"நான் போனா பின்னாடி யாருடே நிப்பா?"
என்னைப் பார்த்துத்தான் கேட்டான்.
சத்தியமாக அதில் கேலி இல்லை.
கேலி இருந்திருந்தால் ஓங்கி ஒன்று கொடுத்திருக்கலாம்.

ஒரேயொரு செமிபைனல், வள்ளவிளையோடு.
இரண்டு மஞ்சள் அட்டை, அவன் வெளியே.
பதினான்காம் நம்பர் உள்ளே.
கடல் இரைந்த சாயங்காலம்.
தொண்ணூறு நிமிஷம் ஒரு பந்தும் என்னைத் தாண்டவில்லை.
அவர்களுடைய ஒன்பதாம் நம்பர், ஆன்றோ,
கடைசியில் என்னிடமே தண்ணீர் வாங்கிக் குடித்தான்.
டைபிரேக்கரில் ஜெயித்தோம்.
"கிளீட்டஸ் நின்னிருந்தா முன்னாடியே முடிஞ்சிருக்கும்"
மைக்கில் சொன்னார்கள்.

என் நாற்காலியிலிருந்து அவன் எழுந்து வந்தான்.
"ஒரு கால் ஆடுதுடே.
இவ்வளவு நாளும் இதுல எப்படி உக்காந்த?"
அடியில் ஒரு சோடா மூடி வைக்க வேண்டும் என்றேன்.
பைனலில் அவன் ஆடினான்.
மூடி என் பாக்கெட்டில்தான் இருந்தது.

அவன் முட்டி போன வருஷம் பாராட்டு விழா.
ஒரு பவுன் மோதிரம். பங்குத்தந்தை பேச்சில்
விசுவாசம், விசுவாசம் என்று பன்னிரண்டு தடவை.
எண்ணிப் பழகியவன் நான்.
மறுநாள் நாலாம் நம்பர் சட்டையைப்
பத்தொன்பது வயசு சகாய பிரிஜினுக்குக் கொடுத்தார்கள்.
எனக்கு முப்பத்துநாலு.
சரியான முடிவுதான். பையன் நன்றாக ஆடுவான்.

இப்போது தூண்டில் வளைவுக் கல்லில்
இரண்டு பேரும் நிற்கிறோம், சாயங்காலமானால்.
மைதானத்தின் தெற்குக் கோடு
போன மழையில் கடலுக்குள் போய்விட்டது.
"நீ ஏண்டே வேற டீமுக்குப் போவல?"
இத்தனை வருஷத்தில் யாரும் கேட்காதது.
பாறசாலைக்காரர் ஒருவர் ஒரு தடவை கூப்பிட்டார்.
குழித்துறை வரைக்கும்கூட நான் போகவில்லை.

சொல்ல வாயெடுத்தேன்.
அதற்குள் பிள்ளைகள் உதைத்த பந்து
எங்களுக்கு நடுவே உருண்டு வந்தது.
அவன் எடுப்பான் என்று நான் நின்றேன்.
நான் எடுப்பேன் என்று அவன்.
கல்லில் ஒருமுறை தட்டி
கடலில் விழுந்தது.

பிள்ளைகள் எங்கள் இரண்டு பேரையும்
சேர்த்துத் திட்டினார்கள்.