நான்கெல்லை

வெள்ளெழுத்து வந்த ஆடி மாதத்தில்
லென்ஸ் வாங்கினேன்.
மூக்குக்கண்ணாடி வாங்கத்தான்
டவுன்ஹால் ரோட்டுக்குப் போனேன் என்பதை
வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

ரவூப் கடையில் பழசு இரண்டு கிடந்தன,
ஐம்பத்தைந்தும் நூற்றைந்தும்.
"ஆட்டோ ஃபோகஸ் கிடையாது மேடம்.
கையாலதான் திருகணும்.
அப்புறம் வந்து குறை சொல்லப்படாது."

ஐம்பத்தைந்து கைக்கடக்கம், விலையும் அடக்கம்.
ஆனால் எறும்பை எறும்பளவுக்கே எடுக்க
மூன்று விரற்கடை வரை முகத்தை நீட்ட வேண்டும்.
என் நிழல் போய்ச் சேர்வதற்குள்
எறும்பு போய்விடும்.
நூற்றைந்தோ, ஒரு சாணுக்குச் சற்றுக் குறைய
தள்ளி நிற்க விடும்.
ஒத்தக்கடை சப்-ரிஜிஸ்திரார் ஆபீஸ் வாசலில்
பதினாறு வருடமாகப் பத்திரம் எழுதுகிறேன்;
பங்காளிகளும் அப்படித்தான்,
கொஞ்சம் தள்ளி நின்றால்தான் முகம் காட்டுவார்கள்.

வளையத்தைத் திருகினேன்.
மைப்பெட்டியில் பெருவிரல் அழுந்துகிற மாதிரி
கனத்து, மெதுவாக, முக்கால் வட்டம் ஓடியது.
பின்னாலிருந்து செல்போன் டார்ச்சை அடித்துப் பார்த்தேன்.
ஓரத்தில் பூஞ்சை. மூன்று இழை.
"வில்லங்கம் இருக்கே" என்றேன்.
ஆயிரத்து ஐந்நூறு குறைத்தார்.

முதல் நாலு ஞாயிறும் மண்.
நான் திருகுவேன், பூச்சி நடக்கும்,
அது நிற்கும்போது என் விரல் தாண்டியிருக்கும்.
ஊமத்தம்பூவின் மகரந்தம்கூட ஒருமுறை தப்பி ஓடியது.
(காற்று என்று ரவூப் சொன்னார். இருக்கலாம்.)

ஐந்தாவது ஞாயிறு,
யானைமலைக்குப் பின்னால், நரசிங்கத்துப் பக்கம்.
இரவு பெய்த மழையில் பாறை இன்னும் காயவில்லை.
மேலூர் ரோட்டு லாரி ஓசை மட்டும் வந்துபோகிறது.
ஃபிளாஷுக்கு இட்லித் துணி கட்டியிருந்தேன்.
அன்றைக்குத்தான் வளையத்தை ஒரே இடத்தில் வைத்துவிட்டு
அதை மறந்தேன்.
திருக வேண்டியது இடுப்பைத்தான்.
முழங்கை முட்டியில், முட்டி பாறையில்,
நெல் அளவு முன்னே, எள் அளவு பின்னே.
விட்ட மூச்சுக்கும் இழுக்கும் மூச்சுக்கும் நடுவே
ஒரு சும்மா இருக்கிறதே,
அதில் அழுத்த வேண்டும்.

தும்பை இலையில் கட்டெறும்பு என்று குனிந்தேன்.
எறும்பில்லை.
முன்கால் இரண்டைக் கொம்பாகத் தூக்கி
எறும்பு வேடம் கட்டிய சிலந்தி.
ஆள்மாறாட்டம். என் தொழிலில் இதற்கு ஜெயில்.

சொத்து விவரம்:
நரசிங்கம் கிராமம், தும்பை இலை ஒன்று.
இதற்கு மால்:
கிழக்கே தூக்கிய கால், மங்கல்.
மேற்கே வயிறு, அதுவும் மங்கல்.
வடக்கே பாறை என்று ஊகம்.
தெற்கே நான்.
இந்த நான்கெல்லைக்குட்பட்ட
மில்லிமீட்டரில் பாதியும்
அதிலுள்ள இரண்டு கண்ணும் ஒரு மயிரும் மட்டும்
எனக்குப் பாத்தியம்.

ஆசைப்பட்டு, துளையைப் பதினாறுக்கு மூடி
பக்கத்தில் கொஞ்சம் ஆக்கிரமித்தேன்.
காலெல்லாம் தெரிந்தது.
கண்ணின் ஈர மினுக்கு போய்விட்டது.
எட்டுக்கே திரும்பினேன்.

அது என்னைப் பார்த்தது.
அதன் லென்ஸ் தலையோட்டில் பதிந்தது, அசையாதாம்;
உள்ளே, குழாயின் அடியில் இருக்கும் திரைதான்
இப்படியும் அப்படியும் நகர்ந்து
எதிரே இருப்பதைத் தடவித் தெரிந்துகொள்ளுமாம்.
எப்போதோ படித்திருந்தேன்.
கருப்புக் கண்ணுக்குள் ஏதோ நிறம் மாறி
மறுபடி மாறியதைக் கண்டபோது
என் இடுப்பும் நெல் அளவு அசைந்துகொண்டிருந்தது.

ஒரு படம் தேறியது.

திங்கட்கிழமை.
வெயிலாண்டியின் பாகப்பிரிவினை, சர்வே எண் மங்கல்.
கண்ணாடி இன்னும் வாங்கவில்லை.
தாளை மேசையில் விட்டுவிட்டு
நாற்காலியோடு முன்னே, பின்னே.
"என்னம்மா, ஆடுறீங்க?"
கையைக் காட்டினேன், பொறுங்கள் என்று.
இரண்டா ஏழா,
இதோ வருகிறது.