புள்ளி

சிண்டாவிலிருந்து கிளம்பிய பேருந்து
விடிவதற்குள் லுசாகா வந்துவிட்டது.
பதினாறு பேர், ஒரு செவிலி,
வாந்திக்கென்று ஒரே ஒரு வாளி.

ஏழாவது ஆள் செலிபா சகாலா.
வயது கேட்டேன்.
"பாலம் அடித்துக்கொண்டு போன வருஷம் பிறந்தேன்."
இருபத்தாறு என்று நானாக எழுதிக்கொண்டேன்.
இடது கை விரல்கள் உருகி
ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன.
சோளக் களி கிண்டும்போது வலிப்பு வந்திருக்கிறது.
அடுப்பைச் சுற்றி வீட்டார் ஆறு பேர்.
வாய் நுரை பட்டால் தொற்றிக்கொள்ளும் என்று
ஆறு பேரும் எட்டி நின்றார்கள்.
தீ மட்டும் தொட்டது.

அதற்குப் பிறகு தனித் தட்டு, தனிப் பாய்.
சபையில் கடைசி பெஞ்சு முழுவதும்
அவள் ஒருத்திக்கே.

"உலோகம் ஏதாவது இருக்கிறதா?"
தோட்டைக் கழற்றினாள்.
யோசித்து, இடுப்புக் கயிற்றில் முடிந்திருந்த
ஓர் ஆணியையும் அவிழ்த்தாள்.
ஓர் ஆட்டை வாங்கிக்கொண்டு வைத்தியர் கொடுத்தது;
பேயை அறைந்து வைக்க.
இழுப்பறையில் என் வண்டிச் சாவிக்குப் பக்கத்தில் போட்டேன்.

எந்திரம் சுழன்றது.
எங்கள் ஊர் மாவு மில் இப்படித்தான் கத்தும்,
ஆனால் அதில் யாரும் தலையைக் கொடுப்பதில்லை
என்றாள் பிற்பாடு.
கண்ணாடிக்கு இப்பாலிருந்து
நியாஞ்சாவில் சொன்னேன்:
அசையாதே அம்மா, மூச்சு விடலாம்.

கத்தி படாமல் சீவிய தலை
சீவல் சீவலாகத் திரையில் இறங்கியது.
வெள்ளைத் துணுக்குகள் நான்கு.
செத்துச் சுண்ணாம்பாகிப் போனவை,
இருட்டில் யாரோ சிந்திய நொய்போல.
ஐந்தாவது, வலது நெற்றிக்குப் பின்னால்,
கரிய வட்டம் ஒன்று.
அதன் ஓரமாக ஒரு வெள்ளைப் புள்ளி.

தலை.
தலைக்குள் இன்னொரு தலை.

வெறும் வட்டம் என்றால்
கட்டியாகலாம், காசமாகலாம், சீழாகலாம்,
மருத்துவர்கள் மத்தியானம்வரை வாதாடலாம்.
புள்ளி வைத்தால்தான் மெய்.

நாடாப்புழுவின் குஞ்சு.
உயிரோடு இருக்கும்வரை
வாடகை தராத, வாய் திறக்காத குடித்தனக்காரன்.
சாகிற வேளையில்தான் வீட்டைக் கொளுத்தும்.

"பன்றியா?" என்றாள் செலிபா.
"எங்கள் சபையில் அது பாவம். நான் வாயில் வைத்ததே இல்லை."

டாக்டர் இன்காட்டா முக்காலியை இழுத்துப் போட்டு
அவளுக்கு நேரே உட்கார்ந்தார்.
பன்றியைத் தின்றவருக்குப் புழு குடலில்.
அவர் கழுவாத கையில் முட்டை.
அந்தக் கை மொண்டு தந்த தண்ணீரில்,
நறுக்கிப் போட்ட பூசணிக் கீரையில்
முட்டை இன்னொருவர் தலைக்கு வந்து சேரும்.

யார் என்று அவள் கேட்கவில்லை.
நல்ல கையின் விரல்களை மடக்கினாள்.
ஐந்தும் போதாமல்
ஒட்டிய கையையும் தூக்கினாள்.

"அப்படியென்றால்
என்னிடமிருந்து அவர்களுக்கு வராது."

எந்திரத்தின் விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

"அவர்களிடமிருந்துதான் எனக்கு."

சிரித்தாளா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

முதலில் வீக்கத்துக்கு மருந்து, அப்புறம்தான் புழுவுக்கு.
கல்லான நான்கும் அங்கேயே கிடக்கும்.
வலிப்பு மாத்திரையை நிறுத்தவே கூடாது.
எல்லாவற்றுக்கும் தலையாட்டியவள்
படம் ஒன்று வேண்டும் என்றாள்.
பிலிம் தட்டுப்பாடு; இருந்தும் அடித்துக் கொடுத்தேன்.
"பேய்க்கு இவ்வளவு சின்னத் தலையா
என்று கேட்பேன்" என்றாள்.

வீட்டாரின் மலத்தைச் சோதிக்க
மூடிபோட்ட டப்பாக்கள் ஆறு.
ஒவ்வொன்றிலும் பெயர் எழுதச் சொன்னாள்.
தாய்மாமன் பெயரைச் சொல்லும்போது மட்டும்
குரல் கொஞ்சம் இறங்கியது.

ஆணியை அவள் கேட்கவில்லை.
நானும் நினைவூட்டவில்லை.

சனிக்கிழமைதோறும் கமுவாலா சந்தில்
பன்றி வறுவல் தின்கிறவள் நான்.
பெட்டியை மூடுமுன்
ஏழாவதாக ஒரு டப்பாவை எடுத்து
என் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.
கை கழுவினேன், இன்னொரு முறையும்.

எட்டாவது ஆள், உள்ளே வரலாம்.