ஏழு விநாடிக்கு ஒன்று

கறுப்புப் பெட்டி, உள்ளங்கை அகலம்.
இணையத்திலிருந்து பாட்டை இழுத்து
ஆம்ப்ளிஃபயருக்கு ஊட்டுவது அதன் வேலை.
அடியில் நான்கு திருகாணி, ஓர் எச்சரிக்கை:
திறந்தால் உத்தரவாதம் போச்சு.
அன்றிரவே திறந்தேன்.

தார்த்து நகரத்தில் ஜன்னலைப் பனி அடைத்திருந்த மாதம்.
சாப்பாட்டு மேசையில் பாதியை எனக்கு விட்டுக்கொடுத்து
மறுபாதியில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள் மார்யே.
"நல்லாத்தானே பாடிச்சு?"
நன்றாகத்தான் பாடியது,
ஓர் இடத்தைத் தவிர.

ஒரு மரத் தேவாலயத்தில் பதிவான பெண்கள் குழு.
முதல் சொல்லுக்கு முன்
முப்பது பேரும் சேர்ந்து மூச்சிழுக்கிறார்கள்.
அந்த மூச்சுக்குள், அல்லது அதற்குச் சற்று முன்,
நகம் கண்ணாடியைத் தொட்டதுபோல
ஒரு டிக்.
பாட்டு எழுந்ததும் அமுங்கிவிடும்.
பாட்டை நிறுத்திவிட்டு ஒலியை முழுக்கத் திருப்பினால்
வெறும் இருட்டில், ஏழு விநாடிக்கு ஒன்று.

முதல் பழி அடாப்டர் மேல்.
தூக்கிப் போட்டுவிட்டு
இரண்டு கிலோ டிரான்ஸ்ஃபார்மர் வைத்தேன்.
பிள்ளையைவிடப் பால்புட்டி பெரிது.
டிரம் கனத்தது. டிக் இருந்தது.

மலிவு மின்தேக்கிகளைச் சொத்தைப் பல்லாகப் பிடுங்கினேன்.
எர்த் கம்பியை வழி மாற்றினேன்.
ஈயம் பளபளத்து உறைந்தால் நல்ல ஒட்டு,
சாம்பல் பூத்தால் மறுபடி முதலிலிருந்து.
மறுபடி. மறுபடி.
கடிகாரப் படிகம் அரிசியில் பாதி,
தும்மினால் தொலைந்தது.
தும்மினேன்.
இருவரும் தரையெல்லாம் தவழ்ந்து தேடி
கடைசியில் கிடைத்தது,
ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன்
தசமப் புள்ளி வைக்க மறந்த இடத்தில்.
மார்யே அரை மதிப்பெண் கூட்டிப் போட்டாள்.

நோட்டில் எழுதினேன்:
பதினொன்றாம் மாற்றம். மேடை அகலம்.
இடது ஓரப் பெண்ணின் உதடு பிரிவது கேட்கிறது.
டிக்: உண்டு.

பிப்ரவரி ஒன்பது, இரவு பத்தரை.
ரெகுலேட்டரை மாற்றி மூடியைக்கூடப் போடாமல் கேட்டேன்.
மூச்சு.
மூச்சு மட்டும்.
ஒலியை முழுக்கத் திருப்பினேன்,
அறுபதுவரை எண்ணினேன், நூறுவரை எண்ணினேன்.
தூங்கியவளை எழுப்பி ஹெட்போனை மாட்டினேன்.
"ஒண்ணும் கேக்கலையே" என்றாள்.
"அதேதான்!" என்று கத்தினேன்.
பன்னிரண்டாம் மாற்றம். டிக்: இல்லை.
சிவப்பு மையில் இரட்டைக் கோடு போட்டேன்.

காலையில் மாடிப்படியில் உர்மாஸ்,
மேல்வீட்டு லெய்டாவின் மகன்,
கையில் ஒரு பையும் செருப்பும்.
ஒன்பது மணிக்கு ஆம்புலன்ஸ் வந்ததாம்.
"ஆக்சிஜன் மெஷினை அணைச்சுட்டேன்,
ஆளில்லாம ஏன் ஓடணும்.
ராத்திரி பகலா டிக் டிக்னு வால்வு மாறும்.
உங்களுக்கு என்னிக்காவது தொந்தரவா இருந்துதா?"

சோவியத் காலத்துக் கட்டடம்.
ஒரே அலுமினியக் கம்பி
அவள் சுவருக்குள்ளிருந்து என் சுவருக்குள் இறங்குகிறது.

"இல்லை" என்றேன்.

பதினேழு இரவுகள் பெட்டி குறையின்றிப் பாடியது.
அக்கார்டியன் கேட்டேன், டிரம் கேட்டேன்,
வானிலை அறிக்கைகூடக் கேட்டேன்.
பெண்கள் குழுவைப் போடவில்லை.
மார்யே ஏனென்று கேட்கவில்லை.

பதினெட்டாம் இரவு
லிஃப்ட் வந்து நின்ற சத்தம். பை உரசும் சத்தம்.
அரை மணி பொறுத்து அந்தப் பதிவைப் போட்டேன்.
முப்பது பேர் மூச்சிழுத்தார்கள்.
டிக்.
நிறுத்திவிட்டு எண்ணினேன். ஏழு.
இன்னொரு ஏழு.

பற்றுக்கோலை மின்சாரத்திலிருந்து கழற்றி
ஆறவிட்டேன்.

பன்னிரண்டாம் மாற்றம்: பலனில்லை
என்று நோட்டில் திருத்தினேன்.
இரட்டைக் கோட்டை அடிக்கவில்லை.