அடிப்பக்கம்

செப்டம்பரில், செல்கர்க்கில், ஒரு கராஜ் விற்பனை.
பனிச்சறுக்குக் காலணிகளுக்கும் கைப்பிடி போன வாணலிக்கும் நடுவே
ஓர் ஆணிப்பெட்டி. பன்னிரண்டு இழுப்பறை.
ஆணி இல்லை. இருநூற்றுப் பதினாறு பேர் இருந்தார்கள்
பஞ்சுக்குள் படுத்து.
வில்லாளிகள், ஈட்டிக்காரர்கள்,
சுண்டுவிரல் நகத்தளவு கேடயத்தில்
மூன்று சிங்கம் வைத்திருந்த பிரபுக்கள்.
"அண்ணனுடையது" என்றாள் டோரிஸ் ஃபேர்.
"அறுபது டாலர். பெட்டியையும் கொண்டுபோங்கள்."

நான் ஃபர்னஸ் பழுது பார்ப்பவன்.
வின்னிபெக்கில் ஜனவரி என்றால் என் போனுக்குத் தூக்கமில்லை.
குழாய்க் குறடு பிடித்த கையால்
மூன்று சைபர் தூரிகையைப் பிடிப்பேன்,
இரவு பதினொன்றுக்கு மேல், நிலவறையில்,
என் வீட்டு ஃபர்னஸின் பக்கத்தில்.
ஊரெல்லாம் சரிசெய்கிறவன் வீட்டில்
அது மட்டும் இருமிக்கொண்டே இருக்கும்.

நளாயினி படியில் நின்று கேட்பாள்:
"இருக்கிறவனுக்கே சட்டை போட்டு முடியல,
இன்னும் ஆள் சேர்க்கிறீங்களா?"
நியாயம்தான். அலமாரியில் நானூறு பேர்
சாம்பல் பூச்சோடு, அம்மணமாய்,
மூன்று வருஷமாய் என்னையே பார்க்கிறார்கள்.

லோர்ன் ஃபேர் அப்படியில்லை.
சங்கிலிக் கவசத்தில் வளையத்துக்கு வளையம் ஒளி.
குதிரை மூக்குக்குள் இளஞ்சிவப்பு.
ஒருவனுக்கு மட்டும் சேறு, அதுவும் இடது காலில்.

ஞாயிறு ஒரெஸ்ட் ஹ்னாத்யுக் வந்தான்.
பிங்பாங் மேசையில் பச்சைத் துணி, பஞ்சு மரங்கள்,
ஆறு பிளாஸ்டிக் மாடுகள்,
அதில் ஒன்று அளவு தப்பி, யானை மாதிரி.
மாடுகளை எல்லை தாண்டி ஓட்டினால் அவன் வெற்றி;
மீட்டால் என் வெற்றி.
"எங்கள் மொழியில் இதற்கு ஒரு பூ உண்டு" என்றேன்.
"எதற்கு?"
"மாடு கவரப் போவதற்கு. மீட்கப் போக வேறு பூ."
பகடையைக் குலுக்கியபடியே கேட்டான்:
"திருடப் போகிறவன் பூ வைத்துக்கொண்டா போவான்?"
"ஆமாம்."
"நல்ல சனங்கள்."

மூன்றாம் சுற்றில் என் முன்வரிசை சரிந்தது.
விழுந்தவர்களைத் தட்டில் சாய்க்கும்போதுதான் பார்த்தேன்:
பாதத்துக்கடியில் எழுத்து,
எறும்பு நடந்ததுபோல் கறுப்பு மை.

"87 மார்ச். பல் பிடுங்கிய நாள்."
"சிவப்பு தீர்ந்தது. கடை மூடியிருந்தது."
ஒரு வில்லாளி: "டோரிஸ் பேசவில்லை."
பக்கத்து வில்லாளி: "இன்றும்."
சேற்றுக்காலன்: "வெள்ளம். மணல்மூட்டை. முதுகு."

நிற்கும்வரை வாய் திறக்காதவர்கள்.

அதற்குப் பிறகு நான் ஆடியது போர் இல்லை.
குன்றின் மேல் பத்திரமாய் இருந்தவர்களைக் கீழே இறக்கினேன்.
ஈட்டிக்காரர்களைக் குதிரைகளுக்கு நேரே அனுப்பினேன்.
ஒரெஸ்டும் புரிந்துகொண்டு பகடையைப் பலமாய் ஊதினான்.
விழ விழ வாசித்தோம்.
ஆட்டத்தை நிறுத்திவிட்டு எல்லாரையும் திருப்பிப் பார்த்திருக்கலாம்.
தோன்றவில்லை; அல்லது
சாகாதவனைக் கவிழ்ப்பது மரியாதையில்லை என்று பட்டது.

மாடுகள் போயின. யானைமாடும் போயிற்று.

மிஞ்சியவன் கொடிக்காரன்.
கன்னத்தில் செம்மை வரைக்கும் முடித்து
கண் திறக்காமல் விட்டிருந்தவன்.
அவனை ஒரெஸ்ட் போன பிறகுதான் திருப்பினேன்.
ஒன்றுமில்லை. காய்ந்த பசை.

அன்றிரவு மைனஸ் முப்பத்தொன்று. அதிசயம், அழைப்பு இல்லை.
கல்லுக்குக் கண் திறக்கிறவர்களுக்கு
முகூர்த்தம் உண்டு, பொன் ஊசி உண்டு.
எனக்கு ஒரு பூதக்கண்ணாடி விளக்கு, ஆறிய தேநீர்,
கொஞ்சம் மூச்சடக்கத் தெரியும்.
வெள்ளை வைத்தேன்.
கறுப்பு வைக்கிற நொடியில்
ஃபர்னஸ் இருமியது.

மாறுகண்.
ஒரு விழி எதிரியை, ஒரு விழி வெந்நீர்த் தொட்டியை.

அழிக்கவில்லை.
கவிழ்த்து, அடியில் தமிழில் எழுதினேன்:
"பெரிய மாட்டையும் விட்டுவிட்டேன்."

இனி இவன் விழுந்தால்
ஒரெஸ்ட் என்னைத்தான் கேட்க வேண்டும்.