பி.பி. 3246

சமாதானபுரம் மூன்றாம் தெருவில்
எங்கள் எண் எங்களுக்கு மட்டும் சொந்தமில்லை.
கல்யாணப் பத்திரிகையில், வேலை விண்ணப்பத்தில்,
பம்பாய்க்குப் போகும் இன்லண்டின் அடியில்
பி.பி. என்ற இரண்டெழுத்தை முன்னால் ஒட்டிக்கொண்டு
ஊரெல்லாம் திரிந்தது 3246.

அப்பாவுக்கு எக்ஸ்சேஞ்சில் வேலை. அதனால் போன்.
எனக்குக் கால் நீளம். அதனால் கூப்பிடப் போகிறவன் நான்.
கோமதிநாயகம் சார் வீட்டுக்கு நாற்பது எட்டு,
நடுவில் நாய் படுத்திருந்தால் அறுபது.
மும்தாஜ் சித்தி வீட்டுக்கு முடுக்கு வழி.
வெள்ளிக்கிழமை தம்மாமிலிருந்து அவர் பேசுவார்.
தலைக்குக் குளித்துவிட்டு வந்து
எங்கள் அத்தனை பேர் நடுவிலும் நின்று
"உம்" என்பாள். கொஞ்சம் கழித்து இன்னொரு "உம்".
அங்கே அவர் அதை எப்படிப் பிரித்துப் படித்தாரோ.
அந்த நேரம் பார்த்து அம்மா
அடுக்களையில் பாத்திரத்தை உரக்க உருட்டுவாள்.

எண்பத்தேழு, சித்திரை வெயில், மூன்று மணி.
டிரங்க் கால் மணிக்கு மூச்சு அதிகம்.
"பெரியவங்க யாரும் இல்லியா தம்பி?"
அம்மா மார்க்கெட்டில். அப்பா டூட்டியில்.
"ஜெபக்கனியோட தம்பி, நம்ம டேனியல்...
காலையில மாஹிம் ஸ்டேஷன்ல..."
மீதியை அவர் சொல்லவில்லை.
நான் கேட்டுவிட்டேன்.
"நீ ஒண்ணும் சொல்லிராத. கூட்டிட்டு மட்டும் வா.
லைன்லயே இருக்கேன்."

ரிசீவரை மேசையில் மல்லாக்க வைத்தேன்.
கவிழ்ந்த வண்டு மாதிரி முனகியது.

நாலு வீடு, ஒரு அடிபம்பு.
அன்றைக்குத்தான் தெரிந்தது
எங்கள் தெரு எவ்வளவு குட்டை என்று.
பம்பை இரண்டு தரம் அடித்துக் குடித்தேன்.
தாகமில்லை.

ஜெபக்கனி அக்கா நடையில் உட்கார்ந்திருந்தாள்.
மடியில் ஷைனி. ஒரு சடை முடிந்திருந்தது,
மறுபாதித் தலை அவிழ்ந்து கையில்.
பல்லிடுக்கில் ரிப்பன்.
"போனா எய்யா? யாரு?"
ரிப்பனைக் கடித்துக்கொண்டே கேட்டாள்,
சிரித்துக்கொண்டேயும்.

"அவசரமில்லக்கா. சடைய முடிச்சிட்டு வாங்க."

மூன்று கால், ஒன்றன்மேல் ஒன்று, நுனிவரைக்கும்.
அவ்வளவு உற்று நான் எதையும் பார்த்ததில்லை,
அதற்கு முன்னும், கல்யாணமான பிறகும்.

அவள் வந்து எடுத்தபோது வெறும் ங்ங்ங்.
மூன்று நிமிடத்தில் பம்பாய் அறுந்துவிட்டது.
"யாருல பேசினா?"
எனக்குப் பதினொரு வயது.
வீட்டில் வேறு ஆளில்லை.

அந்தக் காலம் நல்ல காலம் என்று
நான் சொல்ல வரவில்லை.

வருஷங்கள் கழித்து ஒரு கல்யாணப் பந்தியில்
இலைக்குத் தண்ணீர் தெளித்தபடி கேட்டாள்:
"தெரிஞ்சுதான முடிக்கச் சொன்ன?"
தலையாட்டினேன்.
தன் அப்பளத்தை எடுத்து என் இலையில் வைத்தாள்.

நேற்று, வண்ணார்பேட்டை பாலத்தடி சிக்னல்.
சட்டைப்பையில் ஒரு நடுக்கம்.
'மூன்றாம் தெரு சொந்தங்கள்' குழுவில்
மாலை போட்ட ஜெபக்கனி அக்கா.
அனுப்பியது ஷைனி.
சிவப்பில் எண்கள் இறங்கிக்கொண்டிருந்தன,
எழுபத்தொன்று, எழுபது.
படம் முழுசாகத் தெளியுமுன்பே
கீழே பதினேழு ஜோடி கும்பிட்ட கைகள்.

யாரும் முடுக்கு வழியே ஓடி வரவில்லை.
நிலைப்படியில் மூச்சு வாங்கி நின்று
முகத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல்
யாரும் விழிக்கவில்லை.

பச்சை விழுந்தது. பின்னால் டவுன் பஸ் ஹாரன்.
முருகன்குறிச்சி வழி நேரே போயிருக்கலாம்.
கொக்கிரகுளம் திரும்பி, ஹைகிரவுண்ட் சுற்றி,
ஒரு கடையில் நிறுத்தித் தண்ணீர் வாங்கிக் குடித்து,
மெதுவாகப் போனேன்.
யாருக்காக என்று தெரியவில்லை.

கதவைத் திறந்தது ஷைனிதான்.
பாதி நரைத்த முடி,
ஒரு பக்கம் அவிழ்ந்து.