மொழிபெயர்த்த வகையில் நாற்பது ரூபாய்

முழுப்பெயர் இசித்ரோ லக்சமானா.
காசிமேட்டில் அது நாலு நாள் தாங்கவில்லை.
ஐந்தாம் நாள் ஏலக்காரர் தேசப்பன் கத்தினார்:
"லட்சுமணன் சாரே, ஓரமா நில்லு, கூடை வருது."

மணிலாக்காரர்.
முனைவர் பட்டத்துக்காக ஒன்பது மாதம்
மீன் விலையின் பின்னால் அலைய வந்தவர்.
நான் மாநிலக் கல்லூரியில் புள்ளியியல், இரண்டாம் ஆண்டு.
மொழிபெயர்க்க நாளுக்கு நாற்பது ரூபாய்,
டீ தனி.

விடிகாலை நாலரைக்கு
எங்கள் இருவர் செருப்பிலும் செதில்.
ஐஸ் என்ன விலை, டீசல் என்ன விலை,
ஆறு மணிக்கு வஞ்சிரம் என்ன போனது,
எட்டு மணிக்கு ஏன் விழுந்தது,
எல்லாம் அவருடைய நீல நோட்டில்.
பால்கெண்டையைக் கண்டால் மட்டும்
நோட்டை மூடிவிடுவார்.
அவர் ஊரில் அதுதான் மீன்,
மற்றவை மீன் மாதிரி.

அன்று அஞ்சலாட்சி
தண்டல்காரரிடம் தொள்ளாயிரம் வாங்கியிருந்தாள்.
இருட்டுவதற்குள் ஆயிரமாய்த் திரும்ப வேண்டும்.
அவர் கால்குலேட்டரைத் தட்டினார்.
இதே வட்டி, வட்டிக்கு வட்டி, ஒரு வருஷம் ஓடினால்?
எண் அந்தச் சின்னக் கண்ணாடிக்குள் அடங்கவில்லை.
மூலையில் பிழைக்குறி மின்னியது.
எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடிக்கும் டாக்டரைப்போல
அதை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார்.

அவள் சொன்னது, ஒரு எழுத்து பிசகாமல்:
"இத்த எழுத உனுக்கு எம்மாம் துட்டு குடுக்கறாங்கோ?
அதுல பாதி இங்க வெச்சிட்டுப் போ.
தண்டல்காரன இன்னிக்கே அனுப்சிடறேன்."

நான் சொன்னது, என் கல்லூரி ஆங்கிலத்தில்:
நியாயமான வட்டிக்குக் கடன் கிடைத்தால்
தன் போன்ற பெண்களின் வாழ்வு மாறும் என்கிறார்.

எனக்குப் பத்தொன்பது வயது.
விருந்தாளியிடம் இப்படியா பேசுவது என்று கூச்சம்.
பாதி என்றால் என் நாற்பதிலுமா
என்ற பயமும் இருந்திருக்கலாம்.
அவர் எழுதிக்கொண்டார்.
இரண்டு முறை அடிக்கோடிட்டார்.

பிறகு ஆய்வேடு, பேராசிரியர் வேலை,
திட்டத் துறையில் ஒரு சுழல் நாற்காலி.
ஒருநாள் அதிலிருந்து எழுந்து லாரி மேல் ஏறி
மைக்கைப் பிடித்தார்.
முதல் தேர்தலில்
சேவல் சண்டை நடத்தும் ஒருவரிடம் தோற்றார்.
அடுத்ததில் ஜெயித்தார்.
சிறுகடனுக்கு ஒரு சட்டம் கொண்டுவந்தார்.
பதினான்கு மாதம் மந்திரி.
கட்சி மாறினார்.
ஏன் என்று கேட்டு எழுதினேன்.
பதில் கடிதம் முழுக்க மழை.

இந்தப் பக்கம் நான்
வண்ணாரப்பேட்டையில் வங்கியின் கடன் பிரிவில் உட்கார்ந்து
'ஆவணம் போதாது' என்று
முத்து முத்தாய் எழுதிக்கொண்டிருந்தேன்.

போன வருஷம் போனில் ஒரு வீடியோ.
தலை முழுக்க நரை, மஞ்சள் மழைக்கோட்டு,
எதிரே குடைகள்.
"மதராஸில் ஒரு மீன்காரி என்னிடம் சொன்னாள்" என்று தொடங்குகிறார்.
என் வாக்கியம் வருகிறது.
அதிலிருந்த இலக்கணப் பிழையும்
முப்பது வருஷத்தைத் தாண்டி அப்படியே வருகிறது.
கூட்டம் கை தட்டுகிறது.

காசிமேட்டுக்கு எடுத்துப் போனேன்.
மகள் கூடைக்குப் பக்கத்தில் அஞ்சலாட்சி,
ஒரு கண்ணில் மட்டும் பார்வை.
போனை மூக்கருகே வைத்துப் பார்த்தாள்.
"நம்ம லட்சுமணனா? இளைச்சிட்டான்."
சொல்லிவிட்டேன்,
அவள் சொன்னதை, நான் சொன்னதை.

மகளின் போன் அடித்தது, எடுக்கவில்லை, திரும்ப அடித்தது.
செயலியில் வாங்கிய கடனாம்.
நாளுக்கு ஏழு தடவை கூப்பிடுவார்களாம்.

"அப்போ நான் சொன்னத நீ சொல்லவே இல்லியா?"
"இல்லை."
கொஞ்ச நேரம் ஈ ஓட்டினாள்.
"சொல்லியிருந்தா குடுத்திருப்பான்.
நல்ல மனுசன்."

பால்கெண்டை ஒரு கிலோ வாங்கினேன்,
கேட்ட விலைக்கு.
வீட்டில் யாரும் தொடவில்லை.
முள் அதிகம்.