மூன்று தட்டு

விடிய நாலரைக்கு ஓட்டோவை ஸ்டார்ட் பண்ணுமுன்
பின்பக்கத் தகரத்தில் மூன்று தட்டுத் தட்டுவேன்.
நான் கும்பிடுகிறேன் என்று
எதிர்வீட்டு மாஸ்டர் நினைக்கிறார்.
நினைக்கட்டும்.
உள்ளே, எஞ்சினின் மிச்சச் சூட்டில்
சீமாட்டி படுத்திருப்பாள்.
முதல் தட்டுக்குக் காது அசையும்.
இரண்டாவதுக்குக் கொட்டாவி.
மூன்றாவதுக்குத்தான் இறங்கி,
வாடகை கேட்க வந்தவனைப் பார்ப்பதுபோல்
ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவாள்.

போன மார்கழியில் ஒருநாள் நான் தட்டவில்லை.
அதைப் பற்றி இவ்வளவுதான் சொல்வேன்:
அவளுக்கு இப்போது பாதி வால்.

கிரான்குளத்தில் கூதலா என்று
மொன்றியலில் இருந்து சிரிக்கிறாள் யசோ.
இருபத்திரண்டு பாகை என்கிறது ஃபோன்.
"இங்க இது கோடையடா, நாங்க குளிக்கப் போவம்."
அவளுக்கு மறந்துபோச்சு.
ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி,
நடுவில் பாய் அகலத்துக்கு ஊர்.
இரண்டிலும் முகம் கழுவிக்கொண்டு வருகிறது வாடை.
தீப்பெட்டி பற்றாது.
உப்புப் போத்தலுக்குள் தண்ணீர்.
தலையணையில் ஆரோ அழுதுவிட்டுப் போன ஈரம்.
இதற்கெல்லாம் எத்தனை பாகை?

சிரித்தாலும் பாசல் அனுப்பினாள்.
நாய்க்கு ஒரு கம்பளிச் சட்டை,
சிவப்பு, முதுகு முழுக்க வெள்ளைப் பனிப்பூ.
நாலு காலுக்கும் நாலு சப்பாத்து.
சுகிர்தா சப்பாத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்:
"என்னகா, இவன் ஒஃபீசுக்கா போறான்?"

வெடி
(இடிக்குக் கட்டிலின் கீழே ஓடும் நாய்க்கு
இந்தப் பேரை வைத்தது ஆரென்று கேட்கவேண்டாம், நான்தான்)
சட்டையைப் போட விட்டான்.
அரை மணித்தியாலம் அசையாமல் நின்றான்,
படமெடுக்க நிற்கும் மாப்பிள்ளை மாதிரி.
மறுகா மழை வந்தது.
தவளை துரத்தப் போனவன்
ஒரு வாளித் தண்ணீரை முதுகில் சுமந்து திரும்பினான்.

இரவு அவன் பல்லுக் கிட்டும் சத்தம்.
சட்டைக்கு மேல் என் சாறனைச் சுற்றினேன்.
சாறனுக்கு மேல் பழைய பெட்ஷீற்.
நடுக்கம் கூடியது.
ஈரத்துக்கு மேல் எத்தனை போட்டாலும்
அத்தனையும் ஈரம் என்பது
எனக்கு விளங்க ஒரு மணியாகிவிட்டது.
கழற்றினோம்.
தன் தலை துவட்டும் துவாயாலேயே துடைத்தாள் சுகிர்தா,
காதுக்குள், விரலிடுக்கில், அடிவயிற்றில்.
"ஆடாத, மோட்டுக் கழுத."
கழுதை ஆடவில்லை.
நாலு கல் வைத்தேன், கல்லில் ஒரு பலகை,
பலகையில் சணல் சாக்கு,
சாக்குக்குள் போன போகத்து வைக்கோல்.
தரைக்கும் நாய்க்கும் நடுவில் ஒரு சாண்.
அதற்குப் பிறகுதான் குறட்டை கேட்டது.

சட்டை கொடியில் பதினொரு நாளாய்த் தொங்குகிறது.
காய்கிற எண்ணம் அதற்கு இல்லை.

இன்றைக்கு ஹயர், பாலமுனை இர்பான் நானா,
கொழும்பு ரயிலுக்கு.
குடையோடு நடந்தே வந்து நிற்கிறார்.
மூன்று தட்டினேன்.
ஆருமில்லை.
இன்னும் மூன்று.
மூடியைத் திறந்து டோர்ச் அடித்தேன்.
வயர், எண்ணெய், ஒரு கரப்பான்.
இல்லையென்று கண்ணுக்குத் தெரிகிறது,
சாவியைத் திருப்பத்தான் கை போகவில்லை.
"ரயில் பின்னேரமும் ஒண்டு இரிக்கி" என்றார் நானா,
குடையை மடக்கிவிட்டுச் சில்லுக்குக் கீழே குனிந்தார்.
அவருடைய வெள்ளைச் சேட்டில் சேறு.

எதிர்வீட்டுக் கதவு திறந்தது.
மாஸ்டர், குரங்குத் தொப்பியோடு.
மார்பில் சால்வை, சால்வைக்குள் ஏதோ புடைப்பு.
"தம்பி, கும்பிட்டது காணும்.
மூணு நாளா இவ இஞ்சதான் படுக்கிறா."
இருமினார்.
"நான் கூப்பிடயில்ல. அவவாத்தான் வந்தவ."

சால்வையின் ஓரத்தில் பாதி வால்.
அவருடைய விரல்
அது முடிகிற இடத்தைத் தடவிக்கொண்டிருந்தது.
எப்படி என்று அவர் கேட்கவில்லை.
நான் ஓட்டோவை எடுத்தேன்.